ஆட்டோகேடில் பல டிராயிங்குகளை ஒவ்வொன்றாகத் திறக்காமல் ஒரே தடவையில் பிரிண்ட் எடுப்பது எப்படி?

எடுக்கலாம். கமாண்ட் லைனில் பப்ளிஷ் என்று அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் கோப்புகளைச் சேர்த்தால் அவற்றில் உள்ள லேஅவுட்டுகள் (அச்சுக்கென்று அமைத்து வைத்த தாள்கள்) வரிசையாகப் பட்டியலில் வந்து நிற்கும். பிடிஎஃப் வேண்டுமா, நேராகப் பிளாட்டருக்கா (பெரிய தாள் பிரிண்டர்) என்று தேர்ந்து பப்ளிஷ் பட்டனை அழுத்துங்கள். கேள்விக்கு நேர் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் நம்பி அழுத்தினால் பாதி ஷீட் கலராகவும் மீதி ஓரம் வெட்டுப்பட்டும் வரும். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணி, மேஜையில் நாற்பது டிராயிங், "நாளைக்குக் காலையில செட் போகணும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் கிளம்பியிருப்பார். கண்ட்ரோல் பி, ஓகே, குளோஸ், அடுத்த கோப்பு என்று நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். நான் கோவையில் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போடும் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு சாயங்காலம் வந்தது.

ஒரு மில் கட்டட வேலை. டெண்டர் செட் மறுநாள் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஆர்க்கிடெக்ட் ஒரு கிரிட் லைனை நகர்த்திவிட்டார். ஃபவுண்டேஷன், காலம், பீம், ஸ்லாப் எல்லா ஷீட்டும் ஆர்2, அதாவது இரண்டாவது திருத்தம் ஆனது. திருத்தமெல்லாம் முடித்துப் பிரிண்ட் என்று வந்தபோது மற்றவர்கள் கோப்புகளைப் பங்கு பிரிக்க ஆரம்பித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த வேலை தொடங்கும்போதே டெம்ப்ளேட்டில் ஒரு பேஜ் செட்டப்பைப் பெயர் கொடுத்துப் போட்டு வைத்திருந்தேன்: ஏ1 தாள், எங்கள் அலுவலக சிடிபி (எந்தக் கலர் கோடு எந்தக் கனத்தில், எந்த நிறத்தில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் கோப்பு), ஸ்கேல் 1:1, பிளாட் ஏரியா லேஅவுட். அப்போது "இதுக்கெல்லாம் எதுக்குப்பா நேரம்" என்று கேட்டவர்கள் உண்டு. அன்று எல்லா லேஅவுட்டும் அதே செட்டப்பில் இருந்ததால் பட்டியலைப் போட்டு அழுத்தினேன். எல்லோரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரே பிடிஎஃப், பட்டியலில் இருந்த அதே வரிசையில். பிளாட்டரில் இருந்து முதலில் வந்த ஃபுட்டிங் ஷீட்டை இன்ஜினியர் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கம்பி 0.5 மி.மீ., கான்கிரீட் ஓரம் 0.25, டைமென்ஷன் 0.13 என்று மூன்று கோட்டுக் கனமும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஷீட்டை எடுத்தார். எங்கள் அலுவலகத்தில் அதுதான் பாராட்டு.

உங்களிடம் ஏற்கெனவே தாறுமாறான கோப்புகள் இருந்தாலும் வழி உண்டு. சரியான பேஜ் செட்டப் உள்ள ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள். பப்ளிஷ் பெட்டியில் எல்லா ஷீட்டையும் ஷிஃப்ட் வைத்துத் தேர்ந்து, பேஜ் செட்டப் என்ற இடத்தில் இம்போர்ட் கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால் எல்லாவற்றுக்கும் அது ஏறிவிடும். மாடலுக்குப் (படம் வரைகிற இடம்) போட்ட செட்டப் லேஅவுட்டுக்கு ஏறாது, அதைக் கவனியுங்கள். கோப்புகளைச் சேர்க்கும்போது மாடல் டேபையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரும். லேஅவுட் மட்டும் போதும் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷீட் இரட்டிப்பாகும். ஒருமுறைகூடத் திறக்காத லேஅவுட் இருந்தால் 'இனிஷியலைஸ் ஆகவில்லை' என்று நின்றுவிடும். மூடியிருக்கும் கோப்பில் கடைசியாகச் சேவ் செய்ததுதான் அச்சாகும். பட்டியலைச் சேவ் செய்தால் டிஎஸ்டி (.dsd) கோப்பாக இருக்கும். ஆர்3 வரும்போது அதையே லோட் செய்யலாம். வரத்தான் போகிறது.

பிரிண்ட் வெளியே கடையில் எடுப்பதானால் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் கோப்பு) கொடுக்காதீர்கள், பிடிஎஃப் கொடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் சிடிபி இருக்காது. மஞ்சள் லேயர் மஞ்சளாகவே வந்து வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அங்கே 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிட்டால் ஸ்கேலும் போய்விடும். ஏ1-ஐ ஏ3-இல் எடுத்தால் சரியாகப் பாதி, 1:100 என்பது 1:200 ஆகும், அது தெரிந்து செய்வது. தெரியாமல் நூற்றுக்கு 96 என்று சுருங்குவதுதான் ஆபத்து, சைட்டில் யாராவது ஸ்கேல் வைத்து அளந்துவிடுவார்கள். எழுதியிருக்கும் டைமென்ஷனைத்தான் பார்க்க வேண்டும் என்பீர்கள். சைட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

"லிஸ்ப் எழுதினால் ஒரு கிளிக்" என்று சிலர் வருவார்கள். லிஸ்ப் என்பது ஆட்டோகேடுக்குள் ஓடும் சின்ன புரோகிராம். எழுதத் தெரிந்தவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த லிஸ்பை எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அதைத் திருத்தத் தெரியாமல் முழிக்கிற அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். "இன்னுமா பேப்பர், ரெவிட்டுக்குப் போங்க" என்று 3டி மாடல் சாஃப்ட்வேரைக் காட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கம்பி கட்டுகிறவர் கையில் இன்றைக்கும் தாள்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஐ.டி.ஐ.-யில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்து வந்தவர்களை 'ஆட்டோகேட் பையன்' என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தப் போகிறார்கள்? தலை நரைத்தவரும் பையன்தான். டைட்டில் பிளாக்கில் செக்டு, அப்ரூவ்டு இரண்டுக்கும் முழுப்பெயர் இருக்கும். டிரான் (வரைந்தவர்) என்ற கட்டத்தில் மட்டும் இரண்டு எழுத்து இனிஷியல். பீமும் காலமும் சேரும் இடத்தில் கம்பி ஒன்றோடொன்று மோதுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் அந்த இரண்டு எழுத்துக்காரர்தான். இன்ஜினியரைக் குறைத்துச் சொல்லவில்லை, கணக்கு அவர்களுடையது. பெயரையாவது முழுசாகப் போடலாம் அல்லவா?

சரி, ஒரு வேலையின் ஷீட்டுகளை ஒரே தொகுப்பாக வைத்துக்கொள்ளும் ஷீட் செட் மேனேஜர் பற்றிக் கேட்பீர்கள். பெரிய வேலைகளுக்கு அது இன்னும் வசதி, ஷீட் நம்பர் முதற்கொண்டு பார்த்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது விண்டோஸில் ஓடும் ஆட்டோகேட் எல்.டி. (வசதி குறைத்த பதிப்பு) என்றால் அதைத் தேடி அலைய வேண்டாம், அதில் கிடையாது. பப்ளிஷ் இருக்கிறது. இன்று ராத்திரி வேலைக்கு அது போதும். மொத்தமாக அழுத்துவதற்கு முன் மூன்று ஷீட்டை மட்டும் விட்டுப் பாருங்கள்.