சூரியப் புயலுக்கு ஏஐ நாள் குறிக்குமா?

கே: வங்கக் கடல் புயலுக்குச் சொல்வதுபோல, சூரியப் புயல் இன்ன நேரத்தில் வரும் என்று ஏஐ சொல்லிவிடுமா?

ப: சூரியனிலிருந்து வருவது ஒன்றல்ல. சூரியனின் மேற்பரப்பில் திடீரென ஒளிரும் சுடர் வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடத்தில் இங்கே வந்துவிடும். வெடிப்பை நாம் பார்க்கும்போதே அதுவும் வந்தாயிற்று, எச்சரிக்க நேரமே இல்லை. கூடவே கிளம்பும் பிளாஸ்மா மேகத்துக்கு (மின்னேற்றத் துகள்களின் திரளுக்கு) 2 முதல் 4 நாள் ஆகும். மிக வேகமானவை 18 மணி நேரத்துக்குள்ளும் வந்ததுண்டு. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தை 9 மணி நேரம் இருட்டில் தள்ளியது இந்த இரண்டாவது ரகம்தான்.

ஏஐ இப்போது ஓரளவு கைகொடுப்பது முதல் ரகத்தில். நாசாவின் எஸ்டிஓ செயற்கைக்கோள் 2010 முதல் சூரியப் புள்ளிகளின் (சூரியன்மேல் கருமையாகத் தெரியும் இடங்களின்) காந்தப்புலத்தை அளந்துவருகிறது. காந்தத்தின் வட முனையும் தென் முனையும் நெருக்கியடித்து முறுக்கிக்கொண்டு நிற்கும் புள்ளிக் கூட்டங்களை ஏஐ மாடல் அடையாளம் காணும். விடை நிகழ்தகவாகத்தான் வரும். நாளும் நேரமும் வராது.

கே: எங்கள் கல்லூரி புராஜெக்டில் சுடர் வெடிப்பைக் கணிக்கும் மாடல் 98% துல்லியம் காட்டுகிறது. நம்பலாமா?

ப: இப்போதைக்கு வேண்டாம். பெரிய வெடிப்புகள் அபூர்வம். 'இன்று வெடிக்காது' என்றே தினமும் சொல்லும் சோம்பேறி மாடலுக்கும் ஏறத்தாழ இதே மதிப்பெண் கிடைக்கும். வெடித்தவற்றில் எத்தனை சதவீதத்தைப் பிடித்தது, வெடிக்காதவற்றில் எத்தனை சதவீதத்துக்கு வீணாக அலறியது என்று பாருங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் இத்துறையினர் மதிக்கும் அளவுகோல். சோம்பேறி மாடலுக்கு அதில் பூஜ்யம்.

அடுத்து, பயிற்சிப் படங்களையும் சோதனைப் படங்களையும் எப்படிப் பிரித்தீர்கள்? சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்திருந்தால் அங்கேதான் ஓட்டை. 12 நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதில் தேர்வெழுதினால் நூற்றுக்கு நூறு வரத்தானே செய்யும்! ஒரு புள்ளிக் கூட்டம் சுமார் இரண்டு வாரம் நம் கண்ணில் இருக்கும். அதன் படங்கள் முழுவதையும் ஒரே பக்கம் வையுங்கள். நமக்குத் தெரியும் சூரிய வட்டின் நடுவிலிருந்து 70 டிகிரிக்கு அப்பால் இருப்பவற்றை நீக்கிவிடுங்கள். விளிம்பில் காந்த அளவீடு சாய்கோணத்தால் கெட்டுப்போகும்.

கே: ஊட்டி ரேடியோ தொலைநோக்கிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ப: நெருங்கிய சம்பந்தம். 1970 முதல் இயங்கும் இது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. வளிமண்டலத்தால் விண்மீன் மினுக்குவதுபோல, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றால், ரேடியோ அலை வீசும் தொலைதூர வான்பொருள்கள் (ரேடியோ மூலங்கள்) மினுக்கும். பார்வைக் கோட்டில் அடர்ந்த பிளாஸ்மா மேகம் குறுக்கிட்டால் மினுக்கல் கூடும். பல மூலங்களைத் தினமும் அளந்தால், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவழியில் மேகம் எங்கே என்று வரைபடம் போடலாம். ஜப்பானில் தள்ளித்தள்ளி அமைத்த நிலையங்கள், ஒரே மினுக்கல் எத்தனை நொடி தாமதித்து அடுத்த இடத்துக்கு வருகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகின்றன. சீனாவின் தாவோச்செங்கில் 1 கி.மீ. விட்ட வட்டத்தில் நிற்கும் 313 கிண்ண ஆன்டெனாக்களின் வேலை வேறு: அவை சூரியனையே ரேடியோவில் படமெடுக்கின்றன.

கே: மேகம் வருவது தெரிந்தால் போதாதா?

ப: போதாது. அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே இறக்கும். வடக்கு என்றால் பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும். திசையை நேரடியாக அளப்பது பூமிக்கு 15 லட்சம் கி.மீ. முன்னால், நம் ஆதித்யா எல்-1 போன்ற கலங்கள் நிற்கும் இடத்தில்தான். நொடிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் மிஞ்சுவது 50 நிமிடம். 1,000 என்றால் 25. அந்த இடத்து அளவீடுகளை வைத்து, பூமியில் எந்தப் பகுதியில் காந்தப்புலம் எவ்வளவு குலுங்கும் என்று 30 நிமிடம் முன்னதாகச் சொல்லும் 'டாகர்' என்ற ஏஐ மாடல் 2023-இல் வெளியானது. பராமரிப்புக்காக நிறுத்திவைத்த மின்தடத்தை மீண்டும் இணைக்கவும், டிரான்ஸ்ஃபார்மர் சுமையைக் குறைக்கவும் மின்வாரியத்துக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.