அந்த அம்மாமாரைக் கேளுங்கள்

அன்புள்ள அக்கா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்க நினைத்தேன். ஊரையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள் என்றார் அதிபர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேச்சை எடுத்ததுமே, பிள்ளைகளைக் கெடுக்கப் பார்க்கிறீர்களா என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். படிப்பில்லாத பெற்றோருக்கு இதையெல்லாம் எப்படி விளங்கப்படுத்துவது? முதலில் அவர்களிடம் பேசுவதா, பிள்ளைகளிடமா? ஆணுறை பற்றிச் சொல்லலாமா? உலக எயிட்ஸ் தினம், டிசம்பர் 1க்கு ஒரு சுவரொட்டிப் போட்டி வைத்தால் போதுமா?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாகவே இந்த விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். சுவரொட்டிப் போட்டியை வையுங்கள், வைக்காமல் விடுங்கள், உங்கள் இஷ்டம். ஆணுறை பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சாதாரண தரம் எழுதின கையோடு கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

என்னைச் சுட்டது 'படிப்பில்லாத பெற்றோர்' என்று எழுதினீர்களே, அதுதான். தம்பி, நீங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்திருக்கிறீர்களா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமாரில் எத்தனையோ பேர் செய்திருப்பார்கள். கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்களே, அது இதற்கும்தான். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள் மெடிக்கலில் இன்னொரு தடவை கொடுத்திருப்பார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. கர்ப்பிணிகளில் 100க்கு 95 பேருக்காவது பரிசோதனை நடந்திருந்தால்தான் அது கிடைக்கும். அந்தக் கணக்கில் நம் லயத்துப் பெண்களும், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களும், இருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போன அன்று அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும் என்று தெரிந்தும் போனவர்கள்.

என் கூடப்பிறந்த தம்பியின் மனைவிக்குத் துணையாக ஒருமுறை நானும் போயிருந்தேன். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வாங்கில் வரிசையாகப் பெண்கள். இது எயிட்ஸுக்கான டெஸ்ட் என்று மிட்வைஃப் மிஸ் சொன்னதும் ஒரே சிரிப்பு. "எங்களுக்கு எதுக்கு மிஸ்?" என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், கொழுந்துக் கறை போகாத விரல், சிரிக்கவில்லை. "அப்போ அம்மாவுக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வராமப் பண்ணலாமா மிஸ்?" என்று கேட்டாள். டாக்டர்கள் கேட்கிற கேள்வி அது. பண்ணலாம். சிகிச்சை இல்லாவிட்டால் 100க்கு 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்றும். அம்மா ஒழுங்காக மருந்து எடுத்தால் 2க்கும் கீழே போய்விடும். கிளினிக்கில் கூட்டம், மிஸ் ஒரு 'ஓம்' சொல்லிவிட்டு அடுத்த கார்டைக் கூப்பிட்டார். அப்படிக் கேட்கத் தெரிந்தவளுக்கா தம்பி நீங்கள் விளங்கப்படுத்தப் போகிறீர்கள்? அவளைக் கூட்டிவந்து பேசவிடுங்கள். உங்களைவிட நன்றாகப் பேசுவாள்.

ஊரைச் சேர்ப்பது என்றதும் தலைவரையும் கோயில் கமிட்டியையும் மேடையில் ஏற்றி மாலை போடப் புறப்பட்டுவிடாதீர்கள். 2016இல் குளியாப்பிட்டியவில் ஊர் நன்றாகவே சேர்ந்தது. ஒரு சின்னப் பையனின் அப்பா எயிட்ஸில் செத்தார் என்று வதந்தி. பையனுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை சொன்ன பிறகும், அவனைச் சேர்த்த பள்ளியிலிருந்து பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். கடைசியில் கண்டி டிரினிட்டி கல்லூரிதான் இடம் கொடுத்தது. எச்.ஐ.வி.யைக் காட்டி எந்தப் பிள்ளையின் படிப்புரிமையையும் மறுக்கக் கூடாது என்று அதே வருடம் உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அங்கே பிள்ளைகளா பிரச்சினை?

லயத்தில் வளர்கிற பையன் இதைத்தான் பார்க்கிறான். நோயாளியின் தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிற பெரியவர்களைப் பார்க்கிறான். கோப்பையால் தொற்றாது என்று நீங்கள் கரும்பலகையில் எழுதுவீர்கள், அவனும் பரீட்சையில் சரியாக எழுதுவான். ஆனால் நாளைக்கு அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தால்? பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாக, இரகசியமாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலும் போவானா? பஸ்ஸில் தெரிந்தவர் ஒருத்தர் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கக் கதை. அந்த வாயை அடக்குவதுதான் பெற்றோர் கூட்டத்தின் வேலை. மிச்சத்தைச் சுகாதாரப் பாடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள், நீங்கள்தான் அந்தப் பக்கங்களை வீட்டில் படியுங்கள் என்று தாண்டிப் போகிறீர்கள். கோபம் வேண்டாம், அநேகமாக எல்லா ஆசிரியரும் செய்கிறதுதான்.

யாரிடம் முதலில் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அம்மாமாரிடம். சங்கத்தில் சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நீங்கள் எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா