பாய்மரத்தை இறக்கும்போது பக்கவாட்டைக் கவனியுங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன். இந்தக் கோடையில் பழைய கட்டலினா 22 பாய்ப்படகு ஒன்று வாங்கினேன். ஒக்டோபரில் ஏரியிலிருந்து எடுத்து ட்ரெயிலரில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கிரேன் இல்லாமல் நானும் மச்சானும் மட்டும் பாய்மரத்தை இறக்க முடியுமா?

முடியும். ஆனால் மூன்றாவதாக ஒருவரையும் கூப்பிடுங்கள். உங்கள் படகின் மரம் சுமார் 25 அடி அலுமினியம். கேபின் கூரைமேல், கதவுக்குப் போடுவதுபோன்ற கீல் போட்டு நிற்கிறது. அதனால் தூக்கி எடுக்க வேண்டியதில்லை, பின்பக்கமாகச் சாய்த்து இறக்கலாம். கூரையைத் துளைத்துக்கொண்டு படகின் அடிவரை போகிற மரமாக இருந்தால் கிரேன்தான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

எடையைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் மரத்தின் பக்கவாட்டு ஆட்டம். மரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஷ்ரவுட் கம்பிகளின் அடி, படகின் விளிம்பில் இருக்கிறது. கீலோ அதைவிட ஓரடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இந்த உயர வித்தியாசத்தால், மரம் பின்னால் சாயச் சாய ஷ்ரவுட்கள் தானாகவே தளர்ந்துவிடும். பாதி இறங்கிய மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்க அப்போது எதுவுமே இருக்காது. நான் முதல் தடவை இறக்கியபோது, பக்கத்துப் படகு கிளப்பிய ஒரு சின்ன அலைக்கே மரம் இடப்பக்கம் சரிந்து கீலின் போல்ட் வளைந்துபோனது. கீழே நின்ற நண்பர் ஒரு எட்டு தள்ளி நின்றதால் தப்பினார். அன்றிலிருந்து தண்ணீரில் வைத்து இறக்குவதை விட்டுவிட்டேன்.

நீங்களும் முதலில் படகை ட்ரெயிலரில் ஏற்றி, சமதரையில் நிறுத்துங்கள். ட்ரெயிலரைக் காரிலிருந்து கழற்றாதீர்கள். மரமும் ஆளும் பின்பக்கம் போகும்போது ட்ரெயிலரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்புறம் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே மின்கம்பி ஏதும் போனால் அந்த இடமே வேண்டாம். அலுமினியமும் கம்பியும் மின்சாரத்துக்கு நல்ல வழி. காற்று எழும்பாத காலை நேரமாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.

பக்கவாட்டுப் பிடிக்கு ஒரு வழி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதியிலிருந்து வரும் குட்டையான ஷ்ரவுட்களுக்கு லோவர் என்று பெயர். முன்பக்க லோவர்களை எப்படியும் கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மரம் பின்னால் சாயாது. கழற்றியதும், படகு விளிம்பில் அது மாட்டியிருந்த தகடு காலியாகிவிடும். அந்தத் தகட்டிலிருந்து ஒரு கயிறு, பின்பக்க லோவரின் தகட்டிலிருந்து இன்னொரு கயிறு, இரண்டையும் ஒரு வளையத்தில் கட்டுங்கள். வளையம் கீலின் அதே உயரத்தில், கீலுக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அங்கிருந்து, ஷ்ரவுட்களை விரித்துப் பிடிக்கும் குறுக்குத்தண்டான ஸ்ப்ரெடருக்குக் கீழே மரத்துக்கு ஒரு கயிறு. இதேபோல மறுபக்கமும். வளையம் கீலின் நேர்கோட்டில் இருப்பதால் மரம் எவ்வளவு சாய்ந்தாலும் இந்தக் கயிற்றின் நீளம் மாறாது, பிடியும் விடாது.

அடுத்து, மரத்தை மெல்ல இறக்க ஆறடி நீளத்தில் உறுதியான ஒரு கழி தேவை. அதன் ஒரு முனையை மரத்தின் அடியில் முட்டுக்கொடுத்துக் கட்டி, மறுமுனையைப் படகின் முன்முனையான அணியத்தை நோக்கி நீட்டுங்கள். அந்த முனையும் இருபுறம் அசையாதபடி கயிறு கட்டுங்கள். மர உச்சியிலிருந்து வரும் ஜிப் ஹாலியார்டை, அதாவது முன்பாயை ஏற்றும் கயிற்றை, கழி முனையில் மாட்டுங்கள். கழி முனையிலிருந்து அணியத்துக்கு நாலு மடங்குக் கப்பி போடுங்கள். மரம் கிடையாக வரும்போது கழி செங்குத்தாக நிற்கும். மரமும் கம்பிகளும் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த நிலையில் கப்பியில் சுமார் 75 கிலோ இழுவை விழும். நாலு மடங்குக் கப்பி என்பதால் உங்கள் கைக்கு 20 கிலோ அளவுதான். கழி இல்லாமல் அணியத்திலிருந்து நேராகக் கயிறு பிடித்தால், கடைசிக் கட்டத்தில் கயிறு மரத்தோடு ஒட்டிப் படுத்துவிடும். எவ்வளவு இழுத்தாலும் நிற்காது.

பாயின் அடியைப் பிடிக்கும் கிடைத்தண்டான பூமையும் பாயையும் முன்பே கழற்றிவிடுங்கள். விளக்கு, ரேடியோ ஒயர்களை மறக்காதீர்கள், அறுந்துபோவது அவைதான். கம்பிகளை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள்களில் எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் வசந்தத்தில் நேரம் மிச்சம். மேல் ஷ்ரவுட்களும், மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் பின் ஸ்டே கம்பியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கப்பியை இறுக்கி, மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் முன் ஸ்டே கம்பி தளர்ந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அதைப் பூட்டியிருக்கும் ஊசியைக் கழற்றுங்கள். இன்னொன்று பாரத்தை ஏற்றுக்கொள்ளும் முன் எதையும் கழற்றக் கூடாது.

மச்சான் கப்பிக் கயிற்றை, கயிறு கட்டும் கொம்பான கிளீட்டில் ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல விடட்டும். நீங்கள் படகின் பின்பக்கம் ஆட்கள் உட்காரும் கொக்பிட்டில், மரத்துக்கு நேர் கீழே வராமல், ஒருபுறமாக நின்று ஏந்திக்கொள்ளுங்கள். மூன்றாமவர் தரையில் தள்ளி நின்று, எங்காவது கம்பி சிக்கினால் 'நிறுத்து' என்று குரல் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது டர்ன்பக்கிள்தான். சிக்கியது தெரியாமல் விட்டால் அதன் புரிக்கம்பி வளைந்துவிடும். பின்முனையில் மரத்தாலான ஒரு தாங்கியை முன்பே நிறுத்தி வையுங்கள், மரம் அதில் வந்து படியும்.

படிந்ததும் அதைக் கட்டுங்கள். பிறகுதான் கீல் போல்ட், மற்ற ஷ்ரவுட்கள். மரத்தை முன்னால் நகர்த்தி இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.