மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்?
(வாகனம்: வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: என் பெற்றோர், அத்தை, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று வீட்டில் ஏழு பேர். ஆண்டுக்கு நான்கைந்து முறை கும்பகோணம் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போவோம். மற்ற நாட்களில் நான் கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்வேன். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கையில் 25 லட்சம் ரூபாய் இருக்கிறது. புதிய ஸ்கார்ப்பியோ-என், புதிய சஃபாரி, ஏழாண்டு ஓடிய ஃபார்ச்சூனர் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?
- வாசகர், நங்கநல்லூர்

பதில்: உங்கள் கடிதத்தில் அம்மாவின் முழங்கால் நடுவில் எங்கோ வருகிறது. வாகனம் தேர்ந்தெடுக்கும்போது அதைத்தான் முதலில் வைக்க வேண்டும். ஃபார்ச்சூனரும் ஸ்கார்ப்பியோ-என்னும் லேடர் ஃபிரேம் எனப்படும் இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திச் செய்யப்பட்டவை. அதனால் தளம் உயர்ந்து நிற்கிறது. புட்போர்டில் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கித்தான் உள்ளே போக வேண்டும். மலைப்பாதையிலும் கரடுமுரடான மண் சாலையிலும் அந்தச் சட்டம் கொடுக்கும் உறுதி பெரிது. ஆனால் திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாகக் கும்பகோணம் போய்வரும் குடும்பத்துக்கு அந்த உறுதி கட்டாயத் தேவை அல்ல. சஃபாரியில் சட்டமும் உடலும் ஒன்றே. ஆயினும் அதுவும் தாழ்வான வண்டி என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே ஷோரூமுக்கு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள்; பயணத்துக்குக் கட்டும் புடவையிலேயே வரச் சொல்லுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் போதாது, மூன்று முறை ஏறி இறங்கட்டும். ஒரு காலை உள்ளே வைத்தபின் மற்றக் காலை இழுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். இறங்கும்போது தரை எட்டாமல் கால் துழாவுகிறதா என்றும் பாருங்கள். விற்பனையாளர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள், கோயில் வாசலில் அந்த ஸ்டூல் இருக்காது.

அடுத்தது மூன்றாவது வரிசை. ஏழு பேர் போகிற வண்டியில் அது எப்போதாவது பயன்படும் உபரி இருக்கை அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் ஆறு மணி நேரம் இருவர் அங்கே இருப்பார்கள். அநேகமாக அவர்கள் உங்கள் பிள்ளைகள். ஸ்கார்ப்பியோ-என்னில் மூன்றாவது வரிசைக்குத் தனி ஏ.சி. துவாரங்கள் இல்லை, சஃபாரியில் உண்டு. ஜனவரியில் வண்டி பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்குச் சுங்கச்சாவடியில் வண்டி ஊர்ந்து செல்லும்போது தெரியும். மேலும், மூன்றாவது வரிசையை நிமிர்த்தி வைத்தால் ஸ்கார்ப்பியோ-என்னின் டிக்கியில் சிறிய பைகள் சிலவற்றுக்கு மட்டுமே இடம் இருக்கும். ஏழு பேரின் பெட்டிகளும் பொங்கல் பானையும் மேற்கூரைக்குத்தான் போக வேண்டும். நடுவில் இரண்டு தனி நாற்காலிகள் வைத்த ஆறு இருக்கை மாடலின் அழகில் மயங்கி முன்பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இடமில்லாமல் போய்விடும்.

பணக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, புதிய காரின் விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை இருந்தால் ஆயுள்கால வரி 18 சதவீதம். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 20 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே 3,60,000 ரூபாய். அந்தக் கோட்டைச் சற்றே தாண்டினால் அது 4 லட்சத்துக்கு மேல் போய்விடும். காப்பீட்டையும் சேர்த்தால், 25 லட்சம் கையில் உள்ளவர் பார்க்க வேண்டியது 20 லட்சத்துக்கு உட்பட்ட ஷோரூம் விலையைத்தான். தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய வண்டியில் இந்த வரியை முதல் உரிமையாளர் கட்டி முடித்திருப்பார், அது உங்களுக்கு லாபம். இன்னொன்றையும் பேரத்தின்போது நினைவில் வையுங்கள். 22-9-2025 முதல் பெரிய எஸ்.யு.வி.க்களுக்கான ஜி.எஸ்.டி.யும் கூடுதல் வரியும் சேர்ந்த 50 சதவீதம், 40 சதவீதமாகக் குறைந்தது. அதனால் புதிய வண்டியின் விலை ஏறத்தாழ ஆறரை சதவீதம் இறங்க இடம் உண்டாயிற்று. பழைய வண்டியை விற்பவர் இன்றும் அதற்கு முந்தைய புது விலையைக் காட்டிப் பேசினால், அந்தக் கணக்கை ஏற்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வண்டியை நான் சொல்கிறேன்: நன்கு பராமரித்த, ஒரே கை மாறிய இன்னோவா கிரிஸ்டா. அது எஸ்.யு.வி. அல்ல என்பது உண்மை. ஆனால் ஃபார்ச்சூனரோடு அடித்தளத்தில் உறவுள்ள வண்டி அது. தளம் தாழ்வாக இருப்பதால் ஏறுவது எளிது, மூன்றாவது வரிசையில் பெரியவர்களும் உட்கார்ந்து வரலாம். வாங்கும்போது ஆர்.சி.யில் அது எப்போதாவது வாடகை வண்டியாகப் பதிவாகிப் பின்னர் சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா என்று பார்ப்பது அவசியம். மஞ்சள் போர்டில் நான்கு ஆண்டு இரவு பகலாக ஓடிய வண்டிக்கு வெள்ளை போர்டு மாட்டிவிட்டால் என்ஜின் இளமையாகிவிடாது. என் வரிசை இதுதான்: முதலில் கிரிஸ்டா, புதியதுதான் வேண்டும் என்றால் அம்மாவால் ஏற முடிகிற பட்சத்தில் சஃபாரி, ஃபார்ச்சூனர் கடைசி. ஃபார்ச்சூனர் நீடித்து உழைக்கும் நல்ல வண்டிதான், ஆனால் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு அதன் பேருக்குப் போகிறது. அந்தப் பேர் உங்கள் அம்மாவை ஏற்றிவிடாது.

கிண்டி அலுவலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.எஸ்.6 எனும் புகை மாசு விதிப்படி செய்யப்படும் இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துத் தீர்க்க வேண்டுமானால் வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் சிறிது நேரம் ஓடிச் சூடேற வேண்டும். தினமும் ஆறேழு கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பிறகு டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஒர்க்‌ஷாப் செலவு வரும். உங்கள் ஊரின் மெட்ரோ நிலையத்திலிருந்து கிண்டி இரண்டாவது நிலையம். வார நாட்களில் அதில் போய்விட்டு, ஞாயிறு காலையில் வண்டியை எடுத்துப் பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. எனும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள்.

கேள்வி: 2021-இல் வாங்கப்பட்ட ஏழு இருக்கை எஸ்.யு.வி. ஒன்று சந்தை விலையைவிட 2 லட்சம் குறைவாக வருகிறது. "வெள்ளத்தில் நிற்கவே இல்லை" என்று தரகர் சொல்கிறார். நம்பலாமா? எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேளச்சேரியில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பது முற்றிலும் நியாயம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் ஊரில் தரைத்தளத்தில் நின்ற கார்கள் எத்தனை மூழ்கின என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அவற்றில் பல துடைத்து மெருகிடப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன.

மிக்ஜாம் புயலுக்கு அடுத்த கோடையில் என் உறவினருக்காக மடிப்பாக்கத்தில் ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். இருக்கை உறைகள் புதியவை, உள்ளே எலுமிச்சை வாசனை, என்ஜின் கண்ணாடிபோல் இருந்தது. நடு வரிசை சீட் பெல்ட்டை வழக்கமாக இழுக்கும் அளவுக்கு இழுத்தேன், சுத்தமாக இருந்தது. விடாமல் அதன் கடைசி முனை வரும்வரை இழுத்தபோது, சுருளின் அடியில் கிடந்த ஒரு சாண் நீளம் மட்டும் பழுப்பேறி, விறைத்து, விரலில் மாவுபோல் மண் ஒட்டியது. பெல்ட்டின் வெளிப்பகுதியைக் கழுவியவருக்குச் சுருளுக்குள் கிடந்த பகுதி நினைவுக்கு வரவில்லை. விற்பவரிடம் காட்டினேன். அவர் பேச்சை மாற்றினார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஏழு பெல்ட்டுகளையும் இறுதிவரை இழுத்துப் பாருங்கள். பிறகு முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள குழிகளில் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கால்மிதிக்கு அடியில் உள்ள கார்பெட்டை ஒரு மூலையில் நெம்பி, அதன் அடிப்பஞ்சை முகர்ந்து பார்க்கலாம். ஈரத்தில் ஊறிய பஞ்சின் நாற்றம் எந்த வாசனைத் திரவியத்துக்கும் முழுதாக மறையாது. வயர்கள் இணையும் முனைகளில் பச்சைப் பூஞ்சைபோல் களிம்பு ஏறியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இது மிகவும் முக்கியம், ஏனெனில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல வண்டிகளில் முன் இருக்கைகளுக்கு நடுவே தரையோடு ஒட்டி இருக்கிறது. கார்பெட் மூழ்கும் அளவுத் தண்ணீரே அதைக் கெடுக்கப் போதும். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

காகிதத்திலும் ஒரு தடயம் உண்டு. காப்பீட்டில் இழப்பீடு கோராதவருக்கு ஆண்டுதோறும் என்.சி.பி. எனும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். 2021 வண்டியின் பழைய பாலிசிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். மிக்ஜாமுக்குப் பின் வந்த புதுப்பிப்பில் அந்தத் தள்ளுபடி திடீரெனச் சுழியமாகியிருந்தால், அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு பெரிய கோரிக்கை இருந்திருக்கலாம், காரணத்தைக் கேளுங்கள். தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பாலிசி எடுத்தவர்களின் காகிதத்தில் இந்தத் தடயம் தெரியாது என்பதால், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் உள்ள பராமரிப்புப் பதிவையும் உரிமையாளர் மூலமாகவே வாங்கிப் பாருங்கள். அந்தத் தள்ளுபடி உரிமையாளருக்குச் சொந்தமானது, வண்டியோடு உங்களுக்கு வராது என்பதையும் விலை பேசும்போது மறவாதீர்கள்.

எந்த வண்டியை வாங்கினாலும், உங்கள் பகுதிக்கு என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி இல்லாமல் இருக்கக் கூடாது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் நீர் புகுந்தால், சாதாரண பாலிசியில் பொதுவாக அந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. வெள்ளம் வடிந்தபின் சாவியைத் தொடாமல், இழுவை வண்டியை அழையுங்கள்.

கேள்வி: டெல்லி பதிவெண் கொண்ட 2018 ஃபோர்டு எண்டெவர் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில், மறைமலைநகரில் உருவான வண்டி அது, அதன் மேல் உங்களுக்குள்ள பற்று எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடர்கின்றன. ஆயினும் பில்டர், பிரேக் பேட் போன்ற தேய்மானப் பொருள்கள் கிடைப்பது வேறு, ஒரு சிறு விபத்துக்குப் பின் முகப்பு விளக்கும் கதவும் கிடைப்பது வேறு. வாங்கும் முன் அந்த இரண்டின் விலையையும் காத்திருக்க வேண்டிய நாட்களையும் சர்வீஸ் மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதுவே வீட்டின் ஒரே வண்டி என்றால் நான் வேண்டாம் என்பேன்.

டெல்லி வண்டி மலிவாக இருப்பதற்கு அங்கு 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவு மூலக் காரணம். இங்கே கொண்டுவந்தால் டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டின் ஆயுள்கால வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும், 12 மாதங்களுக்குள் இங்குப் பதிவெண் மாற்ற வேண்டும். கடன் பாக்கி இருந்தால் அதை நீக்கிய சான்று இல்லாமல் எதுவும் நகராது. இவ்வளவையும் கூட்டி, அதே வயதுள்ள தமிழ்நாட்டு வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேள்வி: ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு மதிப்பீடு பெற்ற வண்டியில் மூன்றாவது வரிசையில் குழந்தைகளை உட்கார வைப்பது பாதுகாப்பானதா?
- வாசகி, அண்ணா நகர்

பதில்: அந்த நட்சத்திரங்கள் மதிப்புள்ளவை, ஆனால் அவை எதற்குத் தரப்பட்டவை என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய, பாரத் என்கேப் எனும் இந்தியக் கார் மோதல் பாதுகாப்புச் சோதனையில் வண்டி முன்புறமாக மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடப்படுகிறது. பக்கவாட்டிலும் மோதல் சோதனை உண்டு. பின்னால் வந்து மோதும் லாரிக்கான சோதனை அதில் இல்லை. மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு மிக அருகில் இருப்பது பின்கதவுதான்.

எனவே அந்த இருக்கையில் நீங்களே உட்கார்ந்து, தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே கையை வைத்து அளந்து பாருங்கள். தலைசாய்ப்பான் உயர்த்தக்கூடியதாகவும், பெல்ட் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டாகவும் இருக்க வேண்டும். சிறு குழந்தைக்கான தனி இருக்கையை, ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள நடு வரிசையில் மட்டுமே மாட்டுங்கள். மூன்றாவது வரிசையை உயரம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்; அவர்கள் பின்னே டிக்கியில் குடம், குக்கர் போன்ற கனமான பொருள்களைக் கட்டாமல் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஃபார்ச்சூனர் நிற்குமா?
- வாசகர், தியாகராய நகர்

பதில்: நிற்கும், ஆனால் நீங்கள் இறங்குவது கடினம். அதன் நீளம் 4,795 மில்லிமீட்டர், அகலம் 1,855. நீளவாக்கில் 20 சென்டிமீட்டர்தான் மிச்சம். அகலத்தில் இரு பக்கமும் சேர்ந்து 64 சென்டிமீட்டர், அதிலும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தூண் இருந்தால் அந்தப் பக்கக் கதவு திறக்காது. முன்பணம் கட்டும் முன் சோதனை ஓட்டத்துக்கு வரும் வண்டியை உங்கள் இடத்திலேயே, பக்கத்து வீட்டுக்காரரின் காரும் நிற்கும் மாலை நேரத்தில், ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.