‘ஓர்மை’ இருக்கட்டும்

கேள்வி: என் பாட்டி போடியிலிருந்து மலையேறி வந்து, தேயிலைக் கொழுந்து கிள்ளியே காலத்தைக் கழித்தவர். அவரை நினைத்துக் கவிதைகள் எழுதுகிறேன். பள்ளியில் மலையாளம் படித்ததால் ‘ஓர்மை’ (நினைவு) போன்ற சொற்கள் தானாக வந்து விழுகின்றன. அவற்றை எடுத்துவிட்டு நல்ல தமிழில் எழுதச் சொல்கிறாள் தோழி. மாற்றட்டுமா? கவிதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, தேவிகுளம்

பதில்: மாற்றவே வேண்டாம் அம்மா. நாகர்கோவில் பக்கம் போனால் ‘ஓர்மை இருக்கா?’ என்று தமிழில்தான் கேட்பார்கள். குறளில் ஆராய்ந்து என்ற பொருளில் ‘ஓர்ந்து’ வருகிறதே, அதே வேர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. சொல் இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. உங்கள் வீட்டில் புழங்குகிற சொல்லை எடுத்துவிட்டு ‘நினைவலைகள்’ என்று போட்டால், அது வேறு யாருடைய பாட்டியோ ஆகிவிடும்.

எனக்கு உறுத்தியது வேறு. ‘அடையாளம் தொலைத்த ஆன்மாவின் வலி’ என்று முடித்திருக்கிறீர்கள். அதை எந்த ஊரில் இருந்தும் யாரும் எழுதலாம். அதற்கு முந்தைய வரி, ‘பாட்டி இடுப்பில் கட்டிய சாக்கில் இன்னும் காயாத மழை.’ படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். என் அம்மாவும் மூணாறில் கொழுந்து எடுத்தவர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறை ஏறிக் கறுத்து, நகக்கண் ஓரம் வெடித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த விரலால்தான் எனக்குச் சோறு பிசைந்து தருவார். அவர் போன பிறகு நான் எழுதிய கவிதையில் ‘தாய்மை’ இருந்தது, ‘ஏக்கம்’ இருந்தது. அந்த விரல் இல்லை. பல வருடம் கழித்துத்தான் விரலை எழுதினேன். அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

சரி, கடைசி வரியை அடித்துவிடுங்கள். மழையோடு கவிதை நிற்கட்டும். நகுலனைப் படித்திருக்கிறீர்களா? திருவனந்தபுரத்தில் வாழ்ந்துகொண்டு தமிழில் எழுதியவர். ‘நான் யார்’ என்ற கேள்வியை, இரண்டு பேர் வாசலில் நின்று பேசிக்கொள்வது போல நாலைந்து வரிகளில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

அப்புறம், பாட்டி மலையேறி வந்த நாளில் கையில் என்ன கொண்டுவந்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டியோ, கம்பளியோ, எதுவானாலும் அதை எழுதி அனுப்புங்கள்.