ஆத்தா சொல்ல, அப்பச்சி ஓட்ட

கேள்வி: காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 74. இன்னமும் தானே கார் ஓட்டுகிறார். போன வருடம்தான் டாக்டர் சர்டிபிகேட்டோடு லைசென்ஸைப் புதுப்பித்தார். 40-க்கு மேல் வேகம் போவதில்லை. ஆத்தாவும் முன்சீட்டில் உட்கார்ந்து ‘வண்டி வருது, நில்லுங்க, இப்பப் போங்க’ என்று சொல்லிக்கொண்டே போவார். ஆனால் போன மாதம் திருச்சி ரோட்டில் ஏறும் முக்கில் ஒரு பைக் வலப்பக்கக் கதவில் உரசிவிட்டது. பைக்காரன்மேல்தான் தப்பு என்கிறார். மனம் நோகாமல் காரை விடச் சொல்வது எப்படி? ஆத்தாவை விட்டே சொல்லச் சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். ‘வண்டி வருது, நில்லுங்க, இப்பப் போங்க.’ இதை ஏதோ தாய் தகப்பனின் அன்னியோன்யம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முக்கில் வண்டி வருகிறதா என்று பார்ப்பது ஓட்டுகிறவர் வேலை. அந்த வேலையை உங்கள் ஆத்தா செய்கிறார் என்றால், அப்பச்சிக்கு அது முடியவில்லை என்பது அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த அம்மாளை லைசென்ஸ் இல்லாத டிரைவராக முன்சீட்டில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அடிபட்டது எந்தக் கதவு? வலது. ஆத்தா உட்காருவது இடதுபக்கம். இடப்பக்கம் வருவதை அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். வலப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் அப்பச்சியின் தலையைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும். மெயின் ரோட்டில் ஏறும்போது முதலில் வந்து மோதக்கூடியது வலப்பக்கத்து வண்டிதான். அந்தப் பக்கத்தைப் பார்க்க அன்றைக்குக் காரில் ஆள் இல்லை.

மெதுவாகப் போகிறார் என்பதும் முக்கில் உதவாது. 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 20 மீட்டர் வந்துவிடும். அப்பச்சி ரோட்டைத் தாண்ட 4 நொடி எடுத்தால் அது 80 மீட்டர். பைக் சின்ன உருவம் என்பதால் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும், கண்ணாடியை ஒட்டிய தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்தும் போகும். இளவட்டங்களே இதில் ஏமாறுகிறார்கள். வயதானால் கழுத்து முன்னைப்போல் திரும்பாது, இரண்டு பக்கம் வருவதையும் ஒரே சமயத்தில் மனதில் பிடித்து முடிவெடுக்க நேரமாகும். 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சமே 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எனக்கும் 67 ஆகிறது. இருட்டினால் ஸ்கூட்டரைத் தொடுவதில்லை.

நம் ஊர்த் தெருக்களும் ஒரு பழக்கத்தை ஊட்டிவிட்டன. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள். மதில் தெருமுனை வரை வந்து நிற்கும், மூக்கை வெளியே நீட்டாமல் எதுவும் தெரியாது. ஹாரனை அடித்து, காரை இரண்டடி நீட்டினால் சைக்கிளில் வருகிற பால்காரர் நின்றுவிடுவார். நாற்பது வருஷம் அப்படி ஓட்டிய கை, திருச்சி ரோட்டிலும் அதையேதான் செய்யும்.

சர்டிபிகேட்டைக் காட்டி எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். 55 தாண்டியவருக்கு லைசென்ஸ் 5 வருடத்துக்குத்தான் தருகிறார்கள். அந்த 5 வருடத்தில் கண் எவ்வளவோ மாறும். 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அது நேர்ப்பார்வைக்கு. முக்கில் வேண்டியது பக்கப்பார்வை. கிளாக்கோமா என்ற கண்நோய் அதைத்தான் ஓரத்திலிருந்து தின்னும், பெரும்பாலும் வலி கிடையாது, உடையவருக்கே தெரியாது. கண்ணழுத்தம், பக்கப்பார்வை இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள், புரை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். புரை என்றால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

ஆத்தாவை விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று கேட்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். தினம் கண்ணாக இருக்கிறார், இனி வாயாகவும் இருக்க வேண்டுமா? சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கப்போவது அவர், நீங்கள் இல்லை. பெற்றவரிடம் கசப்பைச் சொல்வது பிள்ளையின் கடமை. அவர் மனம் நோகத்தான் செய்யும். உரசிய பைக்காரனுக்கும் வீட்டில் ஒரு ஆத்தா இருப்பார், அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு போய்ச் சாவியைக் கேட்காதீர்கள். கோயில், வங்கி, கல்யாணம், கேதம் என்று அப்பச்சி எங்கெல்லாம் போகிறார் என ஆத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். தெரிந்த ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பேசி மாதப் பணத்தை நீங்கள் கொடுங்கள். கார் வாசலிலேயே நிற்கட்டும், டிரைவர் அப்பச்சி சொல்லும் நேரத்துக்கு வரட்டும்.

இந்த வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறுங்கள். காரைக்குடி போய்ச் சேர இரவாகிவிடும். ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்பார் அப்பச்சி. வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள்.