குழுவில் ஒருவர் மட்டும் யோசிக்கிறாரா?

கேள்வி: மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்தால், நன்றாகப் படிக்கிற ஒருவர் விடை எழுதுகிறார். மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். எல்லோரையும் புதிதாக யோசிக்க வைப்பது எப்படி?

பதில்: முதலில் நீங்கள் கொடுக்கும் கேள்வியைப் பாருங்கள். 'ஒளிச்சேர்க்கை நடக்க எவை தேவை?' என்பதற்கு விடை புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து எழுத ஒருவர் போதும், மீதிப் பேருக்கு அங்கே வேலையே இல்லை.

அதே பாடத்தை இப்படித் தொடங்கிப் பாருங்கள். வான் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோ அளவுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 60 கிராம்தான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, 'கூடிய எடை எங்கிருந்து வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர்தான் மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டியதை அப்போது சொல்ல வேண்டாம்.

உடனே பேச விடாதீர்கள். ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருப்பதிலேயே யோசனைகள் தொலைந்துபோகின்றன. டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் 1987-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் எதையும் அடிக்காமல், தன் யோசனையைக் கீழே சேர்க்க வேண்டும்.

இப்போது குழு ஒரே ஒரு ஊகத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சோதிக்க வழி சொல்லட்டும். நீங்கள் சரி, தவறு என்று சொல்லாமல், 'இந்த ஊகம் தவறென்றால் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?' என்று கேளுங்கள். 'காற்றிலிருந்துதான் வந்தது, ஒரு செடியை ஜாடியில் மூடி வைப்போம், இன்னொன்றைத் திறந்து வைப்போம்' என்பார் ஒருவர். 'மூடிய ஜாடியில் ஈரமும் தங்கிவிடுமே, எது காரணம் என்று எப்படித் தெரியும்?' என்பார் இன்னொருவர். 'அப்படியானால் இரண்டையும் மூடுவோம், ஒன்றில் மட்டும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிடுவோம்' என்று மூன்றாமவர் திருத்துவார். நீங்கள் கேட்ட புதிய யோசனை இந்த மறுப்பிலும் திருத்தத்திலும்தான் பிறக்கிறது. அந்த நேரத்தில் தயவுசெய்து குறுக்கே போகாதீர்கள். வகுப்பு கொஞ்சம் சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. மோலின் அரையிலைச் சோதனையில், ஓர் இலையின் பாதியை மட்டும், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள பாட்டிலுக்குள் வைப்பார்கள். இதற்குப் பிறகு அதை நடத்தினால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அங்கே எதற்கு என்று விளக்க வேண்டியே இருக்காது.

மதிப்பெண்ணைத் தனித்தாளுக்குப் பாதி, குழுவின் திட்டத்துக்குப் பாதி என்று பிரியுங்கள். விடை சரியா என்பதைவிட, எத்தனை விதமான ஊகங்கள் வந்தன, எந்த ஊகத்தை எந்தக் காரணத்தோடு கைவிட்டார்கள் என்று பாருங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டாம். எலும்புகளின் பெயர்களை நேரடியாகவே நடத்திவிடலாம். மரபியல், சூழலியல், நோய்த்தடைக்காப்பு போன்ற பாடங்களில் மாதம் ஒன்றிரண்டு முறை செய்தால் போதும்.